ஆற்றுப்படுத்தலும் சுவைநடையும்: திருப்பாலைவனம் – பழவேற்காட்டு மரபு நடைகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு ஒருநாள் பயணமாக அமையும் மரபு நடைகள் கல்லறை, கோட்டை, கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றைக் காட்டி, இறுதியில் ஏரி உணவைச் சுவைக்கத் தந்து நிறைவுறுகின்றன. இந்நடையின் சொல்முறையை ஒரு பனுவலாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வழியும் உணவும் இணைந்த பழந்தமிழ் இலக்கிய வடிவமான ஆற்றுப்படை இதற்கு ஒப்பீட்டு அளவுகோலாகிறது. கல்லைச் சான்றாகவும் உணவைப் பரிசாகவும் பிரித்துவைப்பதால் ஏரியின் உழைப்பும் உரிமையும் பஞ்சமும் வரலாற்றுக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன என்பதும், உணவையே சான்றாகக் கொண்டு நடையின் வரிசையை மாற்றியமைக்க இயலும் என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: மரபு நடை, சுவைநடை, ஆற்றுப்படை, பழவேற்காடு, திருப்பாலைவனம், பாடு முறை, நெய்தல்.

முன்னுரை

நகரத்தின் பழைய பகுதிகளை வழிகாட்டி ஒருவரின் துணையுடன் நடந்து காண்பதும், இடையிடையே அவ்விடத்து உணவைச் சுவைப்பதும் இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு பண்பாட்டு நிகழ்வாகும். தமிழ்நாட்டில் 2004 முதல் ஆகஸ்டு மாதந்தோறும் கொண்டாடப்பட்டுவரும் மெட்ராஸ் நாள் நிகழ்வுகள் மரபு நடை என்னும் வடிவத்தைப் பொதுமக்களிடையே பரவலாக்கின. மயிலாப்பூர், சௌகார்பேட்டை போன்ற பகுதிகளில் உணவை மையப்படுத்திய நடைகளும் வழக்கத்திற்கு வந்தன. இவ்வடிவம் நகரின் எல்லையைக் கடந்து வடக்கே பழவேற்காடு வரை சென்றிருப்பது இயல்பான வளர்ச்சியே. சென்னையின் முன்வரலாறு அங்குதான் கிடக்கிறது. ஆங்கிலேயர் 1621இல் பழவேற்காட்டில் வணிகத்திற்கு இடம் பெற்றனர். டச்சுக்காரரின் செல்வாக்கிற்கு முன் நிலைக்க இயலாமல் 1626இல் ஏரியின் வடபுறத்திலுள்ள ஆறுமுகம் என்னும் துர்க்கராசப்பட்டினத்திற்குப் பெயர்ந்தனர். அதன் பின்னரே 1639இல் சென்னையில் கால்கொண்டனர்.

இக்கட்டுரை குறிப்பிட்ட எந்த அமைப்பின் நடையையும் மதிப்பிடுவதன்று. இத்தகைய நடைகளுக்குப் பொதுவாக அமைந்துள்ள வரிசை, சொல்முறை, விடுபாடு ஆகியவற்றையே ஆய்வுப்பொருளாகக் கொள்கிறது. நடையை ஒரு பனுவலாகக் கொள்ளும்போது எது முதலில் சொல்லப்படுகிறது, எது இறுதியில் வைக்கப்படுகிறது, யார் பேசுகின்றனர், யார் பேசப்படுகின்றனர் என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களைச் சுற்றுலாவியலின் கலைச்சொற்களைக் கொண்டு மட்டும் எழுப்பவேண்டியதில்லை. வழிநடையையும் விருந்தையும் இணைத்துப் பாடிய நெடிய மரபு தமிழுக்கு உண்டு.

1. ஆற்றுப்படை என்னும் அளவுகோல்

பரிசில் பெற்று மீள்பவன் பெறச் செல்பவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படையின் அடிப்படை. வழியிலுள்ள நிலங்களும், அந்நிலத்து மக்களும், அவர்கள் அளிக்கும் உணவும் இதில் வரிசையாக இடம்பெறுகின்றன. ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினமும், முல்லை நிலத்து வேலூரும், மருத நிலத்து ஆமூரும் தத்தம் உணவுகளோடு வருகின்றன. எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட மீனும் தருகின்றனர். அத்தேறலை அரித்தெடுத்தவள் ஒரு நுளைமகள் என்பதைப் புலவர் சொல்லாமல் விடவில்லை. ஆமூரில் உழவர் குடிப்பெண் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு படைக்கிறாள். அந்தச் சோற்றுக்கான அரிசி, உலக்கையின் இரும்புப் பூண் தேயுமளவு குற்றப்பட்டது என்பதும் உடன் கூறப்படுகிறது.

பழவேற்காடு அமைந்த தொண்டை நாட்டையே களமாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில் இப்பண்பு இன்னும் விரிவாக அமைந்துள்ளது. எயிற்றியர் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுவதும், நிலவுரலில் இட்டுக் குற்றுவதும், ஆழ்ந்த கிணற்றில் ஊறிய உவர்நீரை முகந்து உலையேற்றுவதும் படிப்படியாக விரிக்கப்பட்ட பின்னரே உண்ணும் சோறு பேசப்படுகிறது. உண்பவனுக்குச் சுவை வந்து சேருமுன் உழைப்பு வந்து சேர்கிறது. உணவு நிலத்தின் விளைவாகவும், அதை ஆக்கியவரின் செயலாகவும், விருந்தாகவும் ஒருங்கே நிற்கிறது.

ஆற்றுப்படையைக் குறையற்ற முன்மாதிரியாகக் கொள்வதும் பொருந்தாது. அதன் வழி புரவலனின் அரண்மனை வாயிலில் முடிகிறது. வழியெங்கும் கிடைக்கும் விருந்தோம்பல், அந்தப் புரவலனின் ஆட்சிச் சிறப்புக்குச் சான்றாகவே அமைக்கப்படுகிறது. எயிற்றியர் தம் உழைப்பைப் பற்றித் தாமே பேசுவதில்லை. பாணன் வாய்மொழியாகவே அது வெளிப்படுகிறது. எனினும் இன்றைய சுவைநடையோடு ஒப்பிடுகையில் ஒரு வேறுபாடு அடிப்படையானது. ஆற்றுப்படையில் உண்பவன் யார் கையால் உண்கிறான் என்பதை அறிந்தே உண்கிறான்.

2. நடையின் வரிசையும் அதன் கதையும்

பழவேற்காட்டு மரபு நடையின் வழக்கமான வரிசை டச்சுக் கல்லறையில் தொடங்குகிறது. நுழைவாயிலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் எவரையும் நிறுத்திவிடும் ஆற்றல் வாய்ந்தவை. அடுத்து, 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டையின் எச்சங்கள். இக்கோட்டையே 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் டச்சு நிறுவனத்தின் மையமாக விளங்கியது. பின்னர் விசயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில், பள்ளிவாசலின் சூரிய நிழற்கடிகாரம், போர்த்துக்கீசியர் காலத் தொடக்கம் கொண்ட மகிமை மாதா ஆலயம் என நடை தொடர்கிறது. நண்பகலில் இறாலும் நண்டும் மீனும் கொண்ட உணவு. அத்துடன் நடை நிறைவுறுகிறது.

இவ்வரிசையில் ஒரு கதை இருக்கிறது. வரலாறு கடல்வழியே வந்தது, கல்லில் தங்கியது, 1825இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் மாறியதும் ஓய்ந்தது என்பதே அக்கதை. அதன் பின் எஞ்சுவது இயற்கையும் உணவும். மீனவர் இக்கதையில் காலமற்றவர்களாக, என்றும் வலைவீசிக் கொண்டிருப்பவர்களாகத் தோன்றுகின்றனர். வரலாறு அயலவருக்கும் உணவு உள்ளூராருக்கும் எனப் பங்கிடப்பட்டுவிடுகிறது.

சுற்றுலாப் பயணியின் உண்மைத் தேட்டத்தையும் அதன்பொருட்டு அமைக்கப்படும் காட்சிகளையும் டீன் மக்கானல் 1970களிலேயே ஆராய்ந்தார். உணவு அத்தேட்டத்தில் தனியிடம் பெறுகிறது. கல்லறையை வெளியிலிருந்து காணலாம், உணவை உள்ளேற்கவேண்டும். ஆகவே உணவு பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை எளிதில் உருவாகிறது. சௌகார்பேட்டைத் தெருவில் உண்பவர், அடுப்பின் முன் நிற்பவரையாவது காண்கிறார். பழவேற்காட்டு நடையிலோ சமையல் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நிகழ, இலைக்கு வரும் உணவு மட்டுமே காணக்கிடைக்கிறது.

3. பெயரில் மறைந்த வனம்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையில் திருப்பாலைவனம் உள்ளது. ஏரியை நோக்கி விரையும் வண்டிகள் பெரும்பாலும் இவ்வூரில் நிற்பதில்லை. இன்றைய வழக்கில் பாலைவனம் என்பது மணல்வெளியைக் குறிப்பதால், நீர்வளமும் நெல்வயலும் சூழ்ந்த ஓரூருக்கு இப்பெயர் முரணாகத் தோன்றலாம். ஆனால் இது பாலை மரத்தாற் பெற்ற பெயர். பாலையே திருப்பாலீசுவரர் கோயிலின் தல மரம். நிலத்திணைகளுக்கு மரமும் பூவும் பெயரான மரபை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. வேல மரக் காட்டோடு பழவேற்காட்டின் பெயரைத் தொடர்புபடுத்தும் விளக்கமும் உண்டு. அவ்வாறு கொண்டால் அடுத்தடுத்த ஈரூர்கள் தம் பெயரில் தாவரங்களைச் சுமந்து நிற்கின்றன எனலாம்.

இக்கோயிலின் தல மரபு இறைவனை அமுதத்தோடு இணைக்கிறது; சோழர் காலத் தொடர்பையும் பேசுகிறது. உணவைக் கருப்பொருளாகக் கொண்ட ஒரு நடை, அமுதத்தைத் தன் தொன்மமாகக் கொண்ட ஊரைக் கடந்துபோவது தற்செயலன்று. ஐரோப்பியத் தடயத்தையே தொடக்கப்புள்ளியாகக் கொள்ளும் சொல்முறைக்கு இவ்வூர் தேவைப்படுவதில்லை. இங்கு நின்று தொடங்கினால், பழவேற்காடு வெறும் துறைமுகமாகக் காட்சியளிக்காது. பின்புல நிலத்தின் நெல்லும் ஏரியின் மீனும் ஒன்றையொன்று சார்ந்த வட்டாரமாக அது விளங்கும். மீனைத் தந்து நெல்லைப் பெறும் நெய்தல் மகளிரைச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் காட்டுகின்றன. இலையில் சோறும் குழம்பும் சேர்வதற்குமுன் மருதமும் நெய்தலும் சேர்ந்திருக்கவேண்டும் என்பதைத் திருப்பாலைவனத்தில் நின்றே எளிதில் விளக்கலாம்.

4. டச்சு உணவைத் தேடுதல்

இத்தகைய நடைகளில் இயல்பாக எழும் ஒரு கேள்வி, டச்சுக்காரர் விட்டுச்சென்ற உணவு எது என்பது. இலங்கையில் டச்சுப் பறங்கியர் வழிவந்த லம்பிரைஸ், வாழையிலைப் பொதியில் அக்காலத்தின் பெயரையும் நினைவையும் காத்துவருகிறது. கீழக்கரையின் தொதல் மலாய்த் தீவுகளுடனான கடல்வழி உறவைச் சுவையாகவே நிலைநிறுத்தியுள்ளது. இவற்றைப்போல் ஒன்றைப் பழவேற்காட்டிலும் கண்டெடுத்துவிட வேண்டும் என்னும் ஆவல், சான்றில்லாத உணவுகளுக்கும் அயல்நாட்டுப் பிறப்புரைக்கத் தூண்டக்கூடும்.

டச்சு வணிகத்திற்கும் உணவிற்குமான உண்மையான தொடர்பு வேறிடத்தில் உள்ளது. மொலுக்கத் தீவுகளின் கிராம்பையும் சாதிக்காயையும் வாங்கச் சோழமண்டலக் கரையின் துணிகளே மாற்றுப்பொருளாயின. ஐரோப்பிய அடுக்களைக்குச் சென்ற நறுமணத்தின் விலையில் ஒரு பங்கு இக்கரையின் நெசவாளரால் செலுத்தப்பட்டது. பழவேற்காட்டின் பெயரையே தாங்கிக் கட்டமிட்ட கைக்குட்டைத் துணிகள் உலகச் சந்தையில் புழங்கின. அவ்வாறிருக்க, பழவேற்காட்டில் டச்சு உணவைத் தேடுபவர் சமையற்கட்டைவிடத் தறியை நோக்குவதே பொருத்தம்.

இதனினும் கடினமான தொடர்பு பஞ்சம். போரும் பஞ்சமும் மக்களைத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்குத் தள்ளிய காலங்களில், சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளை டச்சு நிறுவனம் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியது. 1622–23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் அனுப்பப்பட்டனர் என்பது மார்க்கஸ் விங்கின் ஆய்வால் அறியவருகிறது. சர்க்கரையின் இனிப்புக்குப் பின்னால் அடிமை உழைப்பு நின்றதை சிட்னி மின்ட்ஸ் 1985இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். பழவேற்காட்டில் அத்தகைய ஆய்வுக்கு இடம் தேடி அலையவேண்டியதில்லை. கோட்டை அகழியின் விளிம்பே போதும். உணவைப் பற்றிய நடை உணவின்மையைப் பற்றிப் பேசாதொழிந்தால் அது பாதி வரலாறே. கல்லறையில் பெயர் பொறித்துக் காக்கப்பட்டவர்கள் ஒருபுறம். பெயரின்றிக் கப்பலேறியவர்கள் மறுபுறம். இவ்விரு சாராரையும் ஒரே இடத்தில் நின்று பேசுவதே நேர்மையான வழிகாட்டலாகும்.

5. இலையில் வந்த ஏரி

பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளது. இந்த ஏரியில் வலையிடுவது யாரும் எங்கும் செய்யக்கூடிய செயலாக இருந்ததில்லை. கழிகளை ஊன்றி விரிக்கும் வலைகளுக்கான இடத்தையும் முறையையும் பட்டினவர் ஊர்கள் சில தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடே பாடு முறை. வலையிடும் இடங்களுள் நல்லதும் உண்டு, மெலிந்ததும் உண்டு. யாருக்கு எந்நாளில் எவ்விடம் என்பது முறைவைத்துத் தீர்மானிக்கப்படுவதால் வளமும் வறட்சியும் சுழல்கின்றன. இறாலின் ஏற்றுமதி மதிப்பு உயர்ந்தபோது இவ்வுரிமையின் மதிப்பும் உயர்ந்தது. அதனை ஒட்டிய பூசல்களும் கூடின. சாரா கூல்தார்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வு உள்ளிட்டவை இம்முறையின் இருமுகத்தைச் சுட்டுகின்றன. உறுப்பினருக்கு இது சமநீதி. உறுப்பினர் அல்லாதாருக்கு அடைக்கப்பட்ட கதவு.

அக்கதவுக்கு வெளியே நிற்பவர்களுள் இருளர் முதன்மையானவர். இடுப்பளவு நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும் சேற்றைக் கைகளால் தடவி இறாலைப் பிடிப்பது இவர்களது தொழில்முறை. பெண்கள் இதில் பெரும்பங்கு வகிக்கின்றனர். பிடித்த இறாலை இடுவதற்கான ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொண்டே கைகள் தேடலைத் தொடர்கின்றன. பழவேற்காட்டு முசுலிம் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளை நடையின் நினைவுப்பொருளாக வாங்கிச் செல்பவர், பல்லிடுக்கில் தொங்கும் ஓலைப்பறியைக் காண்பதில்லை. பனையோலை ஓரிடத்தில் கைவினை மரபாகிறது; மற்றோரிடத்தில் எவருடைய கண்ணுக்கும் படாத உழைப்பின் கருவியாகவே எஞ்சுகிறது.

ஆக, இலைக்கு வரும் ஓர் இறால் மூன்று வெவ்வேறு வரலாறுகளுள் ஒன்றைச் சுமந்து வரலாம்: பாடு வலையில் பட்டது, இருளப் பெண்ணின் கையில் சிக்கியது, அல்லது 2009க்குப் பின் இந்தியாவில் பெருகிய வன்னாமை இறாலாக வளர்ப்புக் குளத்திலிருந்து வந்தது. ஏரியின் விளைச்சல் மழையோடும் முகத்துவாரத்தின் திறப்போடும் ஏறி இறங்குவது. ஆண்டு முழுவதும் மாறாத ஒரே உணவுப்பட்டியல் அளிக்கப்படுமாயின், அந்த இறால் எங்கிருந்து வந்தது என்று கேட்பது உண்பவரின் உரிமை மட்டுமன்று, ஆய்வாளரின் கடமையுமாகும். நடையின் வழிகாட்டி கல்லறையின் ஆண்டைத் துல்லியமாகச் சொல்லக் கற்றிருக்கிறார். இறாலின் வரவைச் சொல்லவும் கற்றாகவேண்டும்.

6. காக்கப்படும் மரபும் காக்கப்படாத மரபும்

டச்சுக் கல்லறை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடைசெய்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்துகின்றன. இப்பாதுகாப்பு வேண்டத்தக்கதே. ஆனால் நூற்றாண்டுகளாக ஒரு நீர்வெளியைப் பங்கிட்டு ஆண்ட முறை எவ்வகை மரபுச் சின்னமாகவும் எண்ணப்படுவதில்லை. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து நீரோட்டம் தடைப்படும்போதும், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை எதிர்த்து மீனவ ஊர்கள் குரலெழுப்பும்போதும், அது வாழ்வாதாரச் சிக்கலாக மட்டுமே செய்தியாகிறது. மரபின் அழிவாக அது பேசப்படுவதில்லை. இந்தப் பிரிவினையை உருவாக்கியவை மரபு நடைகள் அல்ல. எனினும் ஒவ்வொரு நடையும் தன் வரிசையின் மூலம் இதனை மீண்டும் உறுதிப்படுத்துகிறது.

நடையை நடத்துவோர் தரப்பில் ஒரு மறுப்பு எழலாம். ஓய்வுநாளில் வருபவரிடம் பஞ்சத்தையும் அடிமை வணிகத்தையும் பாடு உரிமையையும் சுமத்தினால் யார் வருவர் என்பது அது. இம்மறுப்பில் ஓரளவு உண்மையுண்டு. நடைகளால்தான் இவ்வூரின் பெயரையே பலர் அறிந்தனர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் எலும்புக்கூட்டுச் சிற்பத்தின் முன் நெடுநேரம் நிற்கக்கூடியவர், உயிரோடிருப்பவரின் உழைப்பைக் கேட்கத் தயங்குவார் என்று முன்முடிவு கொள்வது பார்வையாளரைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

மேலும், சுற்றுலாவின் விளைவுகள் கதையாடலோடு நிற்பவையல்ல. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். நீரின் போக்கையும் படகின் தாங்குதிறனையும் அறிந்த தொழிலறிவு, பயணிகளின் அவசரத்தின் முன் எவ்வளவு எளிதில் பின்தள்ளப்படும் என்பதற்கு அத்துயரம் நிலைத்த சான்று. ஏரியைக் காட்சியாக மட்டும் அறிபவர், அதன் ஆபத்தையும் அறியமாட்டார்.

7. மாற்று வரிசைக்கான கருத்துகள்

மேற்கண்ட ஆய்வின் வழி மூன்று மாற்றங்களை முன்வைக்கலாம். முதலாவது, தொடக்கம் பற்றியது. நடை கல்லறையில் தொடங்காமல் திருப்பாலைவனத்து வயலோரத்திலும் கோயிலிலும் தொடங்கி, காலைநேர மீன் ஏலத்துக்கு வந்து, அதன்பின் கோட்டைக்கும் கல்லறைக்கும் செல்லலாம். அப்போது டச்சுக்காரர் இவ்வட்டாரத்தின் நெடிய வரலாற்றுக்குள் வந்துசென்ற ஒரு தரப்பாக உரிய அளவில் தோன்றுவர்.

இரண்டாவது, பேசுபவர் பற்றியது. பாடு முறையை ஊர்ப் பெரியவரும், கைத்தடவலை அதனைச் செய்யும் பெண்களும், தம் விருப்பத்தின்பேரில், உரிய ஊதியத்துடன் விளக்கும் நிலை வேண்டும். அவர்களை நீரில் இறங்கிக் காட்டச் சொல்வது உழைப்பை மீண்டும் காட்சிப்பொருளாக்கிவிடும். சொல்லும் உரிமையும் மறுக்கும் உரிமையும் அவர்களிடமே இருக்கவேண்டும்.

மூன்றாவது, உணவு பற்றியது. அன்றைய ஏரி என்ன தந்ததோ அதுவே அன்றைய உணவாகலாம். மீன் குறைந்த நாளில் குறைந்த உணவே இலைக்கு வருவது நடையின் தோல்வியன்று; அந்நாளில் ஏரிக்கரை வீட்டின் உலையில் என்ன இருந்திருக்கும் என்பதை உணர்த்தும் பாடமாக அது அமையும். யாரிடம், என்ன விலைக்கு வாங்கப்பட்டது, சமைத்தவர் யார் என்பவற்றை உண்பதற்குமுன் அறிவிப்பது எளிதில் செய்யக்கூடிய ஒன்று. எயிற்றியர் உலையேற்றுவதைச் சொன்ன பின்னரே சோற்றைச் சொன்ன புலவர் பின்பற்றிய வரிசையும் இதுவே.

முடிவுரை

பழவேற்காட்டு மரபு நடைகள் ஒரு மறக்கப்பட்ட துறைமுகத்தைப் பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுவந்துள்ளன. எனினும் அவற்றின் சொல்முறை கல்லை வரலாறாகவும் உணவை இளைப்பாறலாகவும் பிரிக்கிறது. இப்பிரிவினால் ஏரியின் உரிமைமுறைகளும், அவற்றுக்கு வெளியே நிற்போரின் உழைப்பும், பஞ்சத்தால் விற்கப்பட்டோரின் கதையும் மரபு என்னும் சொல்லின் எல்லைக்குள் வராமற்போகின்றன. ஆற்றுப்படைகளோடு ஒப்பிடும்போது இது தவிர்க்கவியலாத குறையன்று என்பது புலனாகிறது. வழியையும் உணவையும் ஆக்கியோரையும் ஒருசேரச் சொல்லும் முறை தமிழில் முன்பே உண்டு. இருளர் பெண்களின் தொழிற்சொற்கள், பாடு முறையின் வாய்மொழி விதிகள், பருவந்தோறும் மாறும் ஏரிக்கரைச் சமையல் ஆகியவை களஆய்வின் மூலம் விரிவாகப் பதிவுசெய்யப்படவேண்டும். முகத்துவாரமும் கரையும் விரைந்து மாறிவரும் நிலையில் இப்பணி தமிழ், வரலாறு, மானிடவியல் ஆய்வாளர்கள் இணைந்து காலந்தாழ்த்தாது மேற்கொள்ளவேண்டிய ஒன்றாகும்.